முதுகுத்தண்டு அடிபட்டவரை பாகாயத்துக்கு ஏன் அனுப்புகிறார்கள்?

கேள்வி: பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஊர். அண்ணன் பலாமரத்திலிருந்து விழுந்து எல்1 எலும்பு (இடுப்புப் பகுதி முதுகெலும்பில் முதலாவது) உடைந்தது. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்துவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வேலூர் பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள். அது எப்படி வந்த இடம்? அங்கே போனால் நடந்துவிடுவாரா? பிசியோதெரபிதானே, வீட்டிலேயே செய்துகொள்ளக் கூடாதா?

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் ஒரு வருடத்தைத் தொலைத்துவிடுகின்றன. பிசியோதெரபி மட்டும் என்றால் பண்ருட்டியிலேயே ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லிவிடலாம். ஆனால் தண்டுவடம் அடிபட்டவருக்கு உயிராபத்து காலில் இல்லை. தோலிலும் சிறுநீர்ப்பையிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் காப்பாற்றக் கற்றுக்கொடுப்பதுதான் அந்த மருத்துவமனையின் முதல் வேலை. அது அப்படி ஆனதற்குக் காரணம் அது பிறந்த கதையில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் வரைக்கும் தண்டுவடம் அறுந்தவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் இறந்துபோனார்கள். எலும்பு உடைந்ததால் அல்ல. படுக்கைப் புண் சீழ் வைத்து ரத்தத்தில் கலந்தது, அல்லது சிறுநீர் தேங்கி சிறுநீரகம் கெட்டது. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் தனி வார்டு தொடங்கி, இரவு பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்தார். சிறுநீரைச் சுத்தமான முறையில் எடுத்தார். உட்காரவைத்து வேலை கொடுத்தார், விளையாடவும் வைத்தார். 1948-இல் அங்கே அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பாராலிம்பிக்.

வேலூரில் இந்த விஷயம் வேறு வழியாக வந்து சேர்ந்தது, தொழுநோய் வழியாக. 1946-இல் வேலூர் சிஎம்சிக்கு, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் ஒன்றைக் கண்டுகொண்டார். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி விழவில்லை. நரம்பு செத்துப்போனதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், முள் குத்திய காலோடு நடக்கிறார்கள், புண் பெரிதாகி விரல் குட்டையாகிறது. சிலருக்கு ராத்திரி தூக்கத்தில் எலி கடித்ததே தெரியாமல் விரல் போயிருந்தது. அதற்காக வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தசைநாரை மாற்றித் தைக்கும் அறுவைச் சிகிச்சையை பிராண்ட் அங்கே 1948-இல் தொடங்கினார். பாதத்தைக் காக்க மெத்தென்ற ரப்பர் அடித்தட்டு வைத்த செருப்புகளும் அந்தக் குழுவின் முயற்சியில் வந்தவை.

அதே கல்லூரியில் படித்த கேரளத்துப் பெண் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில், இளம் மருத்துவராக இருந்தபோது, வண்டி கவிழ்ந்து முகத்தில் பலத்த காயம், முதுகுத்தண்டிலும் அடி. இடுப்புக்குக் கீழே உங்கள் அண்ணனின் நிலைதான் அவருக்கும். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றிருந்தவர். உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சை கை அறுவைச் சிகிச்சை என்று பிராண்ட் எடுத்துச் சொல்ல, வீல்சேரில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். அந்தக் கைகளில் இல்லாத உணர்ச்சி அவருடைய கால்களிலும் இல்லை. பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் தனக்கான பயிற்சி எடுத்தார். அடுத்து நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவத்தையே படித்தார். நோய் வராமல் தடுப்பது, வந்ததைக் குணப்படுத்துவது, இவற்றுக்கு அடுத்த மூன்றாம் கட்டம்தான் மறுவாழ்வு மருத்துவம் என்று சொன்னவர் ரஸ்க். வேலூர் திரும்பிய மேரி வர்கீஸ் அந்தத் துறையை நடத்தினார். 1966-இல் பாகாயத்தில், சிஎம்சியின் பகுதியாக, உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, 1986-இல் காலமானார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த இடத்தை நடத்தியவர் மருத்துவர், நோயாளி இரண்டும்தான். வாசற்படி உயரமாக இருந்தால் என்ன ஆகும், கழிவறைக் கதவு உள்பக்கம் திறந்தால் என்ன ஆகும் என்பதை உடம்பால் தெரிந்தவர். அதனால் நோயாளியோடு வீட்டிலிருந்து ஒருவர் வந்து தங்கிக் கற்றுக்கொள்வதும், வீட்டுக்குப் போனபின் எப்படி வாழ்வது என்பதும் அங்கே மருத்துவத்தின் உள்ளேயே சேர்ந்திருக்கிறது. சிகிச்சை முடிந்து போனவர்களை ஒன்றுகூட்டும் 'ரீஹாப் மேளா'வும் நடக்கிறது. அங்கே பத்து வருடம் வீல்சேரில் கடை நடத்துபவரை உங்கள் அண்ணன் பார்க்கலாம். அந்தப் பேச்சை எந்த டாக்டராலும் கொடுக்க முடியாது.

நடப்பாரா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: முதல் பரிசோதனையிலேயே ஓரளவு தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. ஆசனவாயைச் சுற்றி ஊசி முனையின் தொடுகை தெரிகிறதா, உள்ளே விரல் வைத்து 'இறுக்குங்கள்' என்றால் இறுகுகிறதா என்று பார்ப்பார்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் நரம்பு முழுக்க அறுபடவில்லை என்று பொருள், திரும்பி வரும் வாய்ப்பும் கூடுதல். டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'ஏஷியா ஏ' என்றோ 'பி' என்றோ 'சி' என்றோ எழுதியிருப்பது இதைத்தான்; தண்டுவட அடி எவ்வளவு என்று சொல்லும் தரவரிசை அது. ஏ என்றால் முழு அடி. ஈ என்றால் முழுதும் சரி. திரும்புவதில் பெரும்பங்கு முதல் 6 முதல் 9 மாதத்துக்குள் தெரிந்துவிடும். எல்1 பக்கம் தண்டுவடம் முடிந்து நரம்பு வேர்களாகப் பிரியும் இடம். வேர்களில் கொஞ்சமாவது மீண்டுவர வாய்ப்பு மேலே அடிபட்டவர்களைவிட அதிகம். தொடை முன்தசை திரும்பினால் கணுக்காலுக்கு மட்டும் காலிப்பர் (காலைத் தாங்கும் கட்டு) போட்டு நடக்கலாம். திரும்பாவிட்டால் தொடையிலிருந்து பாதம் வரை நீளக் காலிப்பரும் கைத்தடிகளும் வேண்டும். அதில் நடப்பதற்கு ஆகும் மூச்சும் பலமும் அதிகம். அப்படிப்பட்ட பலர் வீட்டுக்குள் கொஞ்சம் நடந்துவிட்டு, வெளியே வீல்சேரில்தான் போவார்கள். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

இப்போது தோல். உட்காரும் எலும்பு இரண்டு, இடுப்பின் பக்க எலும்பு, முதுகின் அடியில் உள்ள திருவெலும்பு, குதிகால். பெரும்பாலான புண் இங்கேதான் என்று நினைத்துக்கொண்டு பாருங்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கும்போது ரத்தம் ஓடுவதில்லை. நமக்கு மரத்துப்போகும், அறியாமலே அசைந்துவிடுவோம். அவருக்கு அந்தச் செய்தி மூளைக்கு வருவதில்லை. அதனால் படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முழுப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பெலும்பே அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைச் சதைக்குக் கீழே ஒன்று, குதிகால் காற்றில் தொங்கும்படி. ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று விட்டுவிடுவதால்தான் வீட்டில் நிறையப் புண் வருகிறது. ஏர் பெட் நேரத்தைக் கொஞ்சம் நீட்டும், அவ்வளவுதான். நடுவில் ஓட்டை போட்ட காற்று வளையத்தை வாங்கவே வேண்டாம். வளையம் அழுத்தும் ஓரத்தில் ரத்தம் தடைபட்டு, நடுவில் உள்ள சதை இன்னும் மோசமாகிறது.

வீல்சேரில் உட்காரும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை பாரத்தை எடுக்க வேண்டும். கையை ஊன்றி எம்பி 10 விநாடியில் உட்கார்ந்துவிடுவார்கள், அது போதாது. அழுந்திய சதைக்கு ரத்தம் முழுதாகத் திரும்ப ஏறத்தாழ 2 நிமிடம் ஆகிறது. அவ்வளவு நேரம் யாராலும் எம்பி நிற்க முடியாது. அதனால் முன்னால் குனிந்து நெஞ்சைத் தொடையில் சாய்த்து, அல்லது ஒரு பக்கமாகக் கட்டில்மீது சாய்ந்து, 2 நிமிடம் இருக்கப் பழக்குவார்கள். டிவி பார்ப்பவர் என்றால் விளம்பரம் வந்ததும் சாய்வது என்று வைத்துக்கொள்ளலாம்.

காலையும் இரவும் தோலைப் பார்ப்பது இன்னொரு வழக்கம். நீளக் கைப்பிடி போட்ட கண்ணாடி ஒன்று போதும்; முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை ஒரு குச்சியில் கட்டினாலும் வேலை நடக்கும். படுத்தபடி ஒரு பக்கம் திரும்பி, கண்ணாடியைப் பின்னால் கொண்டுபோய்ப் பிட்டத்தைப் பார்க்கச் சொல்வார்கள். புத்தகத்தில் 'சிவந்திருக்கிறதா' என்று எழுதியிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சூடாக இருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் நிறம் பழையபடி ஆகும்வரை அந்தப் பக்கத்தில் பாரமே வைக்கக் கூடாது. தேய்த்து விடக் கூடாது, தைலமும் வேண்டாம். உள்ளே ஏற்கெனவே நொந்த சதை தேய்த்தால் கிழியும். இந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று நாள் படுத்தால் சரியாகிவிடும். விட்டுவிட்டால் எலும்பு தெரியும் புண்ணாகி, மாதக்கணக்கில் படுக்கவைக்கும்.

சூடும் அப்படித்தான். பைக்கில் பின்னால் ஏற்றிப் போகும்போது கால் சைலன்ஸரில் ஒட்டி வெந்துபோவது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. மடியில் சூடான எவர்சில்வர் டம்ளர், சோற்றுப் பாத்திரம், வெயிலில் நின்ற வண்டியின் ரெக்சின் சீட்டு, எதுவும் கூடாது. பிராண்ட் காலத்து எலி இன்னும் இருக்கிறது. கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுத் தூங்கட்டும்.

சிறுநீர் விஷயம் தோலைவிடக் கூர்மையானது. ஆபரேஷன் முடிந்ததும் ட்யூப் போட்டு பை மாட்டியிருப்பார்கள். அதை அப்படியே வருடக்கணக்கில் விட்டால் கிருமி, கல், ஆண்களுக்குச் சிறுநீர்த் துவாரத்தில் புண் எல்லாம் வரும். அதனால் உடம்பு நிலைப்பட்டதும் நேரத்துக்கு ட்யூப் விட்டு எடுத்துவிடும் முறைக்கு மாற்றுவார்கள். 1972-இல் ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர், கொதிக்கவைத்த கருவியும் கையுறையும் இல்லாமல், சோப்புப் போட்டுக் கை கழுவிச் சுத்தமாகச் செய்தாலே போதும் என்று எழுதினார். கிருமி கொஞ்சம் உள்ளே போவதைவிடச் சிறுநீர்ப்பை நிரம்பி ஊதிக் கிடப்பதே பெரிய ஆபத்து என்பது அவர் வாதம். நிரம்பிய பையின் சுவர் விரியும்போது அதற்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. உள்ளழுத்தம் ஏறிச் சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்கே திரும்புகிறது. கிராமத்து வீட்டில் இருந்துகொண்டே உயிரைக் காக்க முடிவது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

செய்முறை இப்படி. கையையும் துவாரத்தையும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். பெரியவர்களுக்குப் பொதுவாக 12 அல்லது 14 எண் கொண்ட சாதாரண நேர் ட்யூப். நுனியில் ஜெல்லி தாராளமாக. ஆண் என்றால் குறியை வயிற்றை நோக்கி நிமிர்த்திப் பிடித்தால் உள்வழியின் வளைவு நேராகும். மெதுவாகத் தள்ள வேண்டும். ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. போனதும் உள்ளே ஒரு வளையத் தசை இறுக்கிப் பிடிக்கும்; அங்கே குத்தித் தள்ளுவதால்தான் ரத்தம் வருகிறது. நின்று, நாலைந்து மூச்சு இழுத்துவிட்டு, லேசான அழுத்தத்தை மட்டும் வைத்திருந்தால் தசை தளர்ந்து வழிவிடும். சிறுநீர் வர ஆரம்பித்ததும் இன்னும் 2 செ.மீ. உள்ளே விட்டு, நின்றுபோனதும் மெல்ல மெல்ல வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும்போது மறுபடி வந்தால் அங்கேயே நிறுத்தி வடியவிட வேண்டும். அடியில் மிச்சம் வைப்பதில்தான் கிருமி வளரும்.

4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 400 முதல் 500 மி.லி.க்கு மேல் போகாமல். அளவு கோடு போட்ட குவளையில் பிடித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 700 வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும், அல்லது ராத்திரி எட்டு மணிக்குமேல் மோர், காபி நிறுத்த வேண்டும். நாள் முழுக்க ஏறக்குறைய 2 லிட்டர் குடிக்கலாம், ஆனால் ஒரே மூச்சில் ஒரு சொம்பு வேண்டாம். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி என்று வந்தவுடன் மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். ட்யூப் விடுகிற எல்லோருக்கும் கிருமி இருக்கும். காய்ச்சல், குளிர்நடுக்கம், கலங்கல், வழக்கத்துக்கு மாறான கசிவு இருந்தால்தான் மருந்து. இல்லாவிட்டால் நாளைக்கு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிதான் மிஞ்சும். வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேனும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். அது கடலூரிலேயே முடியும்.

மலம் கழிப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: தினமும் அல்லது ஒன்றுவிட்ட ஒருநாள் அதே நேரத்தில், சாப்பிட்டு 20, 30 நிமிடம் கழித்து, அப்போதுதான் குடல் தானாக அசையும். எல்1 அடியில் பொதுவாக ஆசனவாய்த் தசை தளர்ந்திருக்கும், கையுறை போட்டு விரலால் எடுக்கவேண்டி வரும். கூச்சம் இரண்டு வாரத்தில் போய்விடும்.

நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் ஆறாவதான டி6-இலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்கள் உங்கள் ஊரில் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள்: திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் வியர்த்துச் சிவப்பது, ரத்த அழுத்தம் எகிறுவது. பெரும்பாலும் ட்யூப் மடங்கியிருக்கும் அல்லது சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, ட்யூபை நேராக்குங்கள். அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறும் தலைவலி மாத்திரை கொடுத்து விட்டால் மூளையில் ரத்தம் கசியலாம். எல்1 என்பதால் உங்கள் அண்ணனுக்கு இந்தப் பயம் இல்லை.

வீல்சேர் இலவசமாகக் கிடைக்கிறது என்று அளவில்லாமல் வாங்கி வந்துவிடாதீர்கள். இருக்கையின் அகலம் இடுப்பின் அகலத்தைவிட 2.5 செ.மீ. கூடுதல் போதும், அதிகமானால் ஒரு பக்கம் சாய்ந்து ஒரே எலும்பில் பாரம் விழும், முதுகு கோணும். ஆழம் முழங்கால் மடிப்புக்கு 5 செ.மீ. முன்னால் முடிய வேண்டும். கால்மிதி தரையிலிருந்து 5 செ.மீ. மேலே. ஆஸ்பத்திரியில் தள்ளிக்கொண்டு போகிற சேர் இன்னொருவர் தள்ளுவதற்கானது; அவரே தள்ளுவதற்குச் சக்கரம் இன்னும் முன்னால் தள்ளி மாட்டியிருக்க வேண்டும். பாகாயத்தில் அளவெடுத்த பிறகு, அந்த அளவுத்தாளோடு விண்ணப்பிப்பதுதான் சரி.

அதற்குள் நீங்கள் வீட்டில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: டேப் எடுத்துத் திண்ணையை அளப்பது. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. வாசல் 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். தெருவில் அவ்வளவு இடமில்லை என்று 2 மீட்டரில் சிமென்ட் போட்டுவிடுவார்கள். ஏறும்போது சேர் பின்னால் மல்லாந்து தலையில் அடிபடும். இடமில்லாவிட்டால் பக்கச்சுவரை ஒட்டி ஒரு திருப்பம் வைத்துக் கட்டலாம், திரும்பும் இடத்தில் 150 செ.மீ. சமதளம் விட்டு. கழிவறைக் கதவு 80 செ.மீ. குறையாமல், வெளிப்பக்கம் திறக்கும்படி. கமோடின் உயரம் வீல்சேர் இருக்கை உயரத்துக்குச் சமமாக இருந்தால் நகர்ந்து உட்காருவது எளிது.

வேலூரில் இடம் கிடைக்கத் தாமதமானால் சும்மா காத்திருக்க வேண்டாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலேயே மறுவாழ்வு மருத்துவத் துறை இருக்கிறது. ஈசிஆரில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம், சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கின்றன. தெற்கே தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். 1981-இல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். மாற்றுத்திறனாளி அட்டைக்கு, சிகிச்சை புதுச்சேரியில் நடந்தாலும், உங்கள் முகவரி உள்ள மாவட்டத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்களுக்குக் கடலூர் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

பாகாயத்துக்குக் கிளம்புமுன் போன் செய்து தேதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டு, கூடத் தங்குபவருக்குத் துணிமணி. தங்குபவர் தூக்கிப் புரட்டப் பலமுள்ளவராக, வீட்டில் பிறகும் இருக்கப்போகிறவராக இருக்க வேண்டும். விடுமுறை எடுத்துவிட்டு வரும் தம்பி கற்றுக்கொண்டு போய்விட்டால் அண்ணிக்கு எதுவும் தெரியாது. பண்ருட்டியிலிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை வழியாக நாலு மணி நேரமாவது ஆகும். வண்டியில் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டாம். மெத்தை போட்டுப் படுக்கவையுங்கள். ட்யூபில் மாட்டிய சிறுநீர்ப் பை இடுப்பைவிடத் தாழ்வாகத் தொங்கட்டும். திருவண்ணாமலையில் நிறுத்தி, ஒருவர் தோளையும் ஒருவர் இடுப்பையும் பிடித்து, உடம்பு முறுகாமல் ஒரே கட்டையாக மறுபக்கம் புரட்டுங்கள். பையைக் காலி செய்துவிட்டு, குதிகாலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கண்ணமங்கலம், அடுக்கம்பாறை தாண்டினால் பாகாயம் ஊருக்கு முன்பே வந்துவிடும். வேலூர் டவுனுக்குள் போகத் தேவையில்லை.